சல்ஃபருக்கு வீச்சு, பாஸ்பரசுக்குத் தட்டு

அறிவியல் வகுப்பறை: வாசகர் கேள்வி – பதில்

தனிம வரிசை அட்டவணையைப் பாட்டாலும் தாளத்தாலும் சொல்லிக்கொடுப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கே: முதல் 20 தனிமங்களை எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் பாட்டாகக் கட்டிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அருமையாகப் பாடுகிறார்கள். ஆனால் "சல்ஃபர் எந்தத் தொகுதி?" என்றால் விழிக்கிறார்கள். எங்கே தவறு?
(அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

ப: பிள்ளைகள் மேல் தவறில்லை. நீங்கள் கட்டிய பாட்டு பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். அட்டவணையின் உயிர் வரிசையில் மட்டும் இல்லை, மேலிருந்து கீழே இறங்கும் பத்தியில், அதாவது தொகுதியில், இருக்கிறது. லித்தியத்துக்குக் கீழே சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம் என்று ஒரே குணமுள்ளவை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து விழுவதுதான் பாடம். மெட்டு அந்தத் திரும்பலைக் காட்டவில்லை என்றால் அகரவரிசைப் பட்டியலைப் பாடினாலும் ஒன்றுதான்.

திரும்பி வருவதைக் காட்டத் தாளத்தைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. தாளத்தின் ஒரு சுற்றுக்கு ஆவர்த்தனம் என்று பெயர். இந்த அட்டவணைக்கும் தமிழில் ஆவர்த்தன அட்டவணை என்றொரு பெயர் உண்டு. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் எட்டெட்டுத் தனிமங்கள். ஓர் அட்சரத்துக்கு ஒரு தனிமம் வைத்தால் ஒரு வரிசை ஓர் ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும்.

கையில் போட்டுப் பாருங்கள். தட்டு: லித்தியம். சுண்டுவிரல்: பெரிலியம். மோதிரவிரல்: போரான். நடுவிரல்: கார்பன். மறுபடி தட்டு: நைட்ரஜன். வீச்சு (கையைத் திருப்பி வீசுதல்): ஆக்சிஜன். தட்டு: ஃபுளூரின். வீச்சு: நியான். அடுத்த சுற்றில் சோடியம், மெக்னீசியம், அலுமினியம், சிலிகான், பாஸ்பரஸ், சல்ஃபர், குளோரின், ஆர்கான் அதே அசைவுகளில் வந்து உட்காரும். சல்ஃபர் ஆறாவது அட்சரம், அதாவது முதல் வீச்சு. ஆக்சிஜனுக்கும் அதே வீச்சு. ஆறு என்பது சல்ஃபரின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. அதோடு பத்தைக் கூட்டினால் 16, அதுவே தொகுதி எண். மூன்றாம் அட்சரம் முதல் எட்டாம் அட்சரம் வரை இந்தக் கணக்கு பிசகாது. முதல் இரண்டு அட்சரங்களுக்குப் பத்தைக் கூட்ட வேண்டாம், அவை 1, 2 தொகுதிகளேதான்.

முதல் வரிசையில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். ஹைட்ரஜனை முதல் தட்டில் சொன்னதும் பிள்ளைகள் அடுத்த விரலிலேயே ஹீலியத்தைச் சொல்லிவிடுவார்கள். ஹீலியத்தின் இடம் எட்டாவது அட்சரம். நடுவில் ஆறு அட்சரம் வாயைத் திறக்காமல் விரல் மட்டும் எண்ண வேண்டும். அந்த மௌனத்தைச் சுருக்கிவிடாதீர்கள். அட்டவணையின் மேற்பகுதியில் ஏன் அவ்வளவு பெரிய பள்ளம் என்பது அங்கேதான் பிடிபடுகிறது. வெளிக்கூட்டில் இரண்டே எலக்ட்ரான் இருந்தும் ஹீலியம் எட்டாம் இடத்துக்குப் போவதன் காரணத்தை (அதன் ஒரே கூடு நிரம்பிவிட்டது) அந்த இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள்.

கடைசி வரிசையில் இதற்கு நேர்மாறான சிக்கல். பொட்டாசியம் முதல் அட்சரம், கால்சியம் இரண்டாவது. அதோடு பாட்டு முடிந்ததென்று கையை எடுத்துவிடுவார்கள். மீதி ஆறு அட்சரத்தையும் போட்டு முடிக்கச் சொல்லுங்கள். பாடப் பகுதி இருபதில் நின்றாலும் அட்டவணை அங்கே நிற்கவில்லை. மொத்தம் நான்கு ஆவர்த்தனம், 32 அட்சரம். நிமிடத்துக்கு 60 அட்சர வேகத்தில் 32 விநாடிகளில் முடிந்துவிடும்.

வேகம் முக்கியம். ஓர் அட்சரத்துக்குள் நான்கு அசை வசதியாக அடங்கும். பெ-ரி-லி-யம், மெக்-னீ-சி-யம் சரியாகப் பொருந்தும். லித்-தி-யம் சொன்ன பிறகு ஒரு சிறு இடைவெளி கிடைக்கும். அ-லு-மி-னி-யம் மட்டும் ஐந்து அசை. வகுப்பே அந்த இடத்தில் இழுக்கும், தாளம் தளரும், சிலிகான் தாமதமாக வந்து நடுவிரலைத் தவறவிடும். "அலு" என்பதை ஓர் அசையின் நேரத்தில் சேர்த்துச் சொல்லவைத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் பத்து முறை தனியாகப் பழக்குங்கள். 

முதல் நாள் பெயர்களே வேண்டாம். ஐந்து நிமிடம் வெறும் தாளம் போதும். சுட்டுவிரலிலிருந்து எண்ணுகிறவர்களை அன்றே திருத்திவிடுங்கள், பிறகு மாறாது. மறுநாள் இரண்டாம் வரிசை மட்டும். மூன்றாம் நாள் வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி இரண்டாம் வரிசையையும் மறு பாதி மூன்றாம் வரிசையையும் ஒரே நேரத்தில், ஒரே தட்டில் தொடங்கிச் சொல்லட்டும். லித்தியமும் சோடியமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கும், ஃபுளூரினும் குளோரினும் சேர்ந்து விழும். பத்தி என்றால் என்னவென்று காதுக்குப் புரிகிற தருணம் அதுதான். முன்வரிசையில் எட்டுப் பேர், பின்வரிசையில் எட்டுப் பேர் என்று குறியீட்டு அட்டைகளோடு நிற்கவைத்தால் கண்ணுக்கும் புரியும்.

சங்கிலியை அறுப்பது கடைசி வேலை. ஐந்தாம் அட்சரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பேசாமல் தாளம் போட்டுக்கொண்டே வந்து, சட்டென்று மோதிரவிரலில் நிறுத்தி, "மூன்றாம் வரிசை?" என்று கேளுங்கள். இரண்டு விநாடிக்குள் அலுமினியம் வர வேண்டும். பையன் உதட்டுக்குள் ஹைட்ரஜனிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால் இன்னும் இரண்டு நாள் பழக வேண்டும்.

கே: எனக்குப் பாடவே வராது. எந்த ராகத்தில் சொல்லிக்கொடுப்பது?
(பட்டதாரி ஆசிரியர், விருத்தாசலம்)

ப: ராகம் வேண்டாம். மேலே சொன்னது முழுவதையும் பேச்சுக் குரலிலேயே செய்யலாம். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயது, மெட்டைத் திணித்தால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். மேசையைத் தட்டவிடாதீர்கள். பெயர்கள் சத்தத்தில் அமுங்கிப்போகும், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும். தொடையில் தட்டினால் போதும்.

மெட்டு இருந்தே ஆக வேண்டும் என்றால் ச ரி க ம ப த நி ச என்று எட்டுப் படி ஏறி, ஒவ்வொன்றிலும் ஒரு தனிமத்தை வைக்கலாம். மேல் ஷட்ஜத்தில் (மேல் ச) நியானும் ஆர்கானும் வந்து நிற்கும்போது, எண்மம் (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்) நிறைந்ததைக் கேட்கவே அழகாக இருக்கும். ஒரே ஓர் ஆபத்து உண்டு. கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒரே சுரத்தின் இரு நிலைகள் என்பதால், சோடியமும் ஆர்கானும் ஒரே குடும்பம் என்று சங்கீதம் கற்ற பிள்ளை நினைத்துவிடும். தண்ணீர் பட்டாலே கொதித்தெழுவது ஒன்று, எதனோடும் சேராதது இன்னொன்று. தொகுதியைக் காட்டுவது கை அசைவுதான், சுரம் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: பெயர் சரியாகச் சொல்கிறார்கள், குறியீடு தப்பாக எழுதுகிறார்கள். பொட்டாசியத்துக்கு "பி" போடுகிறார்கள்.
(தமிழ்வழி வகுப்பு ஆசிரியை, சிவகங்கை)

ப: தமிழ்வழியில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் எழுத்தில் போரானும் பாஸ்பரசும் "ப" வரிசையில் தொடங்குகின்றன. இரண்டின் ஆங்கில எழுத்தையும் "பி" என்றே தமிழில் எழுதுகிறோம். கார்பன், குளோரின், கால்சியம் மூன்றும் காதுக்கு "க", எழுத்துக்கு "சி". சிலிகான் காதுக்கு "சி", எழுத்துக்கு "எஸ்". பிள்ளை காதை நம்பினால் மாட்டிக்கொள்ளும். முதல் இருபதில் பெயருக்கும் குறியீட்டுக்கும் அறவே தொடர்பில்லாதவை சோடியமும் பொட்டாசியமும் மட்டும்தான். அவற்றின் குறியீடுகள் நேட்ரியம், காலியம் என்ற லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை. அந்த இரண்டையும் கதையாகச் சொல்லிவிடலாம், மீதிக்குப் பயிற்சி வேண்டும்.

பெயர்ச் சுற்று மனத்தில் பதிந்த பிறகு, அதே அட்சரங்களில் குறியீடுகளை மட்டும் சொல்லும் சுற்று ஒன்று வையுங்கள். இரண்டெழுத்துக் குறியீட்டில் முதல் எழுத்தை உரக்கவும் இரண்டாவதைத் தணிந்தும் சொல்லவையுங்கள்: உரத்த "சி", தணிந்த "எல்". பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இதிலேயே பதிந்துவிடும். இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதினால் கோபால்ட் கார்பன் மோனாக்சைடாகிவிடும் என்று ஒருமுறை கரும்பலகையில் காட்டுங்கள், மறக்க மாட்டார்கள். "பி" வரும் இடங்களில் வலது கையால் தாளம், இடது கை விரலால் காற்றில் எழுத்து. மூன்றாவது சுற்றில் ஒரு பாதி பெயரைச் சொல்ல, மறு பாதி அந்த அட்சரம் முடிவதற்குள் குறியீட்டைச் சொல்ல வேண்டும். அதற்கு நிமிடத்துக்கு 45 அட்சரம் என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 60-இல் வைத்தால் பதில் அடுத்த அட்சரத்தில் போய் விழுந்து இடமே குழம்பிவிடும்.

மேல் வகுப்புக்குப் போகும்போது இன்னொரு வம்பு காத்திருக்கிறது. 31-ஆம் தனிமத்தைச் சிலர் "காலியம்" என்று எழுதுகிறார்கள், அது பொட்டாசியத்தின் லத்தீன் பெயரோடு மோதும். "கேலியம்" என்றே எழுதிப் பழக்குங்கள்.

கே: நியூலாண்ட்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளரின் எண்ம விதியில் எட்டாவது தனிமம் முதல் தனிமத்தை ஒத்திருக்கும் என்று பாடத்தில் வருகிறது. லித்தியத்திலிருந்து எண்ணினால் சோடியம் ஒன்பதாவதாக வருகிறதே? ச ரி க ம வைத்து எப்படி விளக்குவது?
(ஆசிரியர் பயிற்சி மாணவி, தஞ்சாவூர்)

ப: உங்கள் எண்ணிக்கை சரி, நியூலாண்ட்ஸ் எண்ணிக்கையும் சரி. அவர் காலத்து அட்டவணையில் நியான் இல்லை. ஆர்கான் 1894-இல்தான் கிடைத்தது. நியான், கிரிப்டான், செனான் மூன்றும் 1898-இல். மந்த வாயுப் பத்தியே இல்லாததால் அவருக்கு ஏழு பத்திதான், எட்டாவதில் குணம் திரும்பிவிட்டது. ஏழு சுரம் முடிந்து எட்டாவதில் ஷட்ஜம் திரும்புவதுபோல.

அவருடைய வரிசையை அப்படியே சுரத்தில் வைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் ச, லித்தியம் ரி, பெரிலியம் க, போரான் ம, கார்பன் ப, நைட்ரஜன் த, ஆக்சிஜன் நி. ஃபுளூரின் ச, சோடியம் ரி, மெக்னீசியம் க, அலுமினியம் ம, சிலிகான் ப, பாஸ்பரஸ் த, சல்ஃபர் நி. குளோரின் ச, பொட்டாசியம் ரி, கால்சியம் க. இதுவரை சுருதி சேர்ந்தே இருக்கிறது. அதற்குமேல் அபசுரம். மூன்றாம் சுற்றில் ஆக்சிஜன், சல்ஃபருக்குரிய நிஷாதத்தில் (நி) இரும்பு வந்து உட்காருகிறது. அடுத்த ஷட்ஜத்தில் கோபால்டும் நிக்கலும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு குளோரினுக்குத் துணை நிற்கின்றன. கால்சியத்துக்குப் பிறகு பத்து இடைநிலைத் தனிமங்கள் புகுந்துவிடுவதால் ஏழின் கணக்கு அங்கே செல்லாது.

வகுப்பில் இதைப் பாடவிட்டு, எந்த இடத்தில் சுரம் பிசகுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விதியின் குறைபாடு என்று தேர்வில் கேட்கும் கேள்விக்கு விடை அவர்கள் வாயிலிருந்தே வரும். 1866 மார்ச் 1 அன்று லண்டன் வேதியியல் கழகத்தில் நியூலாண்ட்ஸ் இதைப் படித்தபோது, தனிமங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஃபாஸ்டர் என்ற பேராசிரியர் கேட்டார். கட்டுரையைக் கழகம் வெளியிடவில்லை. 1887-இல் ராயல் கழகம் அவருக்கு டேவி பதக்கம் அளித்தது. குறையுள்ள விதி என்று ஒரு வரியில் தள்ளிவிடாமல், குணங்கள் திரும்பி வருகின்றன என்பதை மெண்டலீவுக்கு முன்பே காதில் வாங்கிய மனிதர் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: எங்கள் பாடநூலில் மூலகங்களின் பெயர்களே வேறு. ஐதரசன், ஒட்சிசன், பொசுபரசு என்று வரும். உங்கள் தாள முறை எங்களுக்குப் பொருந்துமா?
(தரம் 10 விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம்)

ப: பொருந்தும், அசைக் கணக்கு மட்டும் மாறும். ஐ-த-ர-சன், நை-த-ர-சன், பொற்-றா-சி-யம் நான்கு அசையில் நிறைவாக நிற்கும். ஒட்-சி-சன் மூன்று, கா-பன் இரண்டு. இடறுவது பொ-சு-ப-ர-சு. அலுமினியத்தோடு சேர்ந்து மூன்றாம் வரிசையில் ஐந்து அசைச் சொற்கள் இரண்டாகிவிடுகின்றன, மூன்றாம் அட்சரத்தில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று. "பொசு" என்பதையும் "அலு" போலவே நெருக்கிச் சொல்லவேண்டும். வேகத்தை 52 அளவில் வைத்துக்கொண்டால் சிரமமில்லை. இசைக்கு இடைஞ்சல் என்று தமிழகப் பெயர்களைக் கடன் வாங்காதீர்கள், பரீட்சைத் தாளில் பிள்ளைகள் குழம்புவார்கள். ஐதரசனுக்கு "எச்" என்று ஒலி விலகிப்போவதால் குறியீட்டுச் சுற்று உங்களுக்கு இன்னும் அவசியம்.

கே: நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 118 தனிமங்களையும் பாட்டாக ஒப்பிக்கிறாள். இதனால் பயன் உண்டா?
(ஒரு தாய், கோயம்புத்தூர்)

ப: பெயர்கள் பழகியிருப்பது நல்லதே. பின்னாளில் செலினியம் என்ற சொல்லைப் பார்த்து மிரள மாட்டாள். ஆனால் அதை வேதியியல் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கப் பாடகர் டாம் லெஹ்ரர் 1959-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டில் அன்று அறியப்பட்ட 102 தனிமங்களும் வருகின்றன. எதுகைக்காக வரிசையைக் கலைத்துப் போட்டிருப்பார், அணு எண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் மகளின் பாட்டு அணு எண் வரிசையில் இருந்தால் அவ்வளவில் மேல். ஹீலியம் பலூனையும் செம்புக் கம்பியையும் கையில் கொடுத்து, பாட்டில் அவை எங்கே வருகின்றன என்று கேளுங்கள். இந்த வயதுக்கு அது போதும்.

கே: பதினொன்றாம் வகுப்பில் 18 பத்திகள், நான்கு தொகுப்புகள் (எஸ், பி, டி, எஃப்) வந்துவிடுகின்றன. எட்டு அட்சரம் போதவில்லையே?
(முதுகலை வேதியியல் ஆசிரியர், திருநெல்வேலி)

ப: போதாது. இங்கே கொன்னக்கோலுக்கு, அதாவது தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் முறைக்கு, வாருங்கள்.

எஸ் தொகுப்பில் ஒரு வரிசைக்கு 2 தனிமம்: தக. பி தொகுப்பில் 6: தகிட தகிட. டி தொகுப்பில் 10: தகதகிட தகதகிட. எஃப் தொகுப்பில் 14: தகிடதகதிமி தகிடதகதிமி. தாள ஜாதிகளில் திஸ்ரம் மூன்று, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு. அந்தந்தத் தொகுப்பில் உள்ள ஆர்பிட்டால்களின் (எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களின்) எண்ணிக்கையும் மூன்று, ஐந்து, ஏழுதான். ஒவ்வோர் ஆர்பிட்டாலிலும் இரண்டு எலக்ட்ரான் என்பதால் ஒவ்வொரு சொற்கட்டும் இரண்டு முறை வருகிறது.

நான்காம் வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: தக | தகதகிட தகதகிட | தகிட தகிட. 2, 10, 6, கூட்டினால் 18. ஆறாம் வரிசையில் "தக"வுக்கும் "தகதகிட"வுக்கும் நடுவே மிஸ்ரம் இரட்டையாகப் புகும்: 2, 14, 10, 6, கூட்டினால் 32. ஏழு வரிசைகளும் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118 வந்து நிற்கும். இதை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடித்த வகுப்புக்கு வரிசைகளின் நீளத்தைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

எலக்ட்ரான்கள் நிரம்பும் முறையும் இதற்குள் இருக்கிறது. முதல் "தகிட"வில் மூன்று ஆர்பிட்டால்களிலும் ஒவ்வொன்று, இரண்டாம் "தகிட"வில் ஜோடி சேருதல். இது ஹூண்ட் விதி. முதல் "தகிட" முடியும் இடம் நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆர்சனிக். முதல் "தகதகிட" முடியும் இடம் மாங்கனீசு. பாதி நிரம்பிய அமைப்பு எங்கே வரும் என்று கேட்டால் மாணவர் விரலை அந்த இடத்தில் வைப்பார். அதற்கு ஓர் அட்சரம் முன்னால் நிற்கும் குரோமியம் எஸ்-இலிருந்து ஓர் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டு ஐந்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்கிறது. தாமிரம் பத்தை அப்படி நிரப்பிக்கொள்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் சொற்கட்டை நிறுத்தி விதிவிலக்கைச் சொல்லுங்கள்.

நடைமுறையில் தப்புவது எங்கே என்றால், தனிமப் பெயர்களைச் சொற்கட்டின் வேகத்திலேயே சொல்லப் பார்ப்பது. "டைட்டானியம்" ஒரு மாத்திரைக்குள் அடங்காது. சொற்கட்டை வேகமாக ஒருமுறை, பிறகு பெயர்களை அட்சரத்துக்கு ஒன்றாக மெதுவாக ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூடவே இன்னொன்று: சில அட்டவணைகளில் இட்ரியத்துக்குக் கீழே லாந்தனம் இருக்கும், சிலவற்றில் லுட்டீசியம். லாந்தனத்தை அங்கே வைத்தால் கண்டம் ஒன்றுக்கு அப்புறம் உடைந்து, மிஸ்ரம் நடுவில் நுழைகிறது. லுட்டீசியம் என்றால் எல்லாக் கட்டும் முழுதாக நிற்கும். எங்களுக்குப் பின்னது பிடிக்கும். தேர்வு எழுதுகிறவர்கள் தங்கள் பாடநூலில் உள்ளபடியே எழுதட்டும்.

ஒரு எச்சரிக்கை. 3, 5, 7 என்பது ஒற்றைப்படை எண்களின் இயல்பான வரிசை. தாள ஜாதிகளை வகுத்தவர்களுக்குக் குவாண்டம் எண்கள் தெரிந்திருந்தன என்று யாராவது மேடையில் பேசக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். நான்கு எண்ணும் சதுஸ்ரத்துக்கு இங்கே தொகுப்பே இல்லை என்பதே போதிய பதில். சங்கீர்ணம் ஒன்பதுக்கு இணையான தொகுப்பு கோட்பாட்டில் உண்டு. கையில் உள்ள 118 தனிமங்களில் அதற்கு இன்னும் ஆள் வரவில்லை.

கே: ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் ஒலி உண்டு என்கிறார்களே, உண்மையா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சேலம்)

ப: ஒலி கிடையாது, நிறமாலை உண்டு. அந்த ஒளியின் அதிர்வெண்ணை ஒரு லட்சம் கோடியால் வகுத்தால் காதுக்கு எட்டும் அளவுக்கு இறங்கும். அதை ஒலியாக்கிக் கேட்கலாம். அது நாம் செய்யும் பெயர்ப்பு, தனிமம் பாடுவதல்ல. இதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் கிடைக்கிற ஆனந்தத்துக்குக் குறைவில்லை.

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் பாமர் கோடுகள் நான்கு: 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர். வகுத்து இறக்கினால் 457, 617, 691, 731 ஹெர்ட்ஸ். முதல் ஒலியை ஷட்ஜமாக வையுங்கள், சுருதி அளவில் ஆறரைக் கட்டைக்குச் சற்றுக் கீழே நிற்கும். இரண்டாவதன் விகிதம் 27/20. 22 சுருதிக் கணக்கில் சுத்த மத்யமத்துக்குச் சொல்லும் இரண்டு அளவுகளில் ஒன்று இது. மூன்றாவது 1.512, பஞ்சமத்தைவிட ஒரு நூல் தூக்கல். நான்காவது 8/5, அச்சு அசலான சுத்த தைவதம். பாமர் சூத்திரத்தில் 3, 4, 5, 6 என்று போட்டு நீங்களே இந்த விகிதங்களை வரவழைக்கலாம். கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். எந்தத் தனிமமானாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள கோடுகள் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே (ச முதல் மேல் ச வரை) அடங்கிவிடும்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தடம் திறந்து, சைன் அலை, வீச்சு (இங்கே அலையின் உயரம்) 0.2, ஐந்து விநாடி என்று கொடுங்கள். வீச்சு தானாக 0.8 என்று இருக்கும், அப்படியே விட்டால் நான்கும் சேரும்போது எல்லை தாண்டிக் கரகரக்கும். சோடியத்துக்கு 589.0, 589.6 இரண்டும் 509.0, 508.5 ஹெர்ட்ஸ் ஆகின்றன. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் இரண்டு விநாடிக்கு ஒரு விம்மல் (ஒலி கூடிக் குறைவது) கேட்கும். ஐந்து விநாடி போதாது, பத்து விநாடியாவது வேண்டும். இயற்பியலில் விம்மல் பாடமும் அணு நிறமாலைப் பாடமும் ஒரே இடத்தில் சந்திப்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கே: என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) வரைபடத்தை அவளுக்கு எப்படிக் காட்டுவது?
(வேதியியல் ஆசிரியை, திருச்சிராப்பள்ளி)

ப: காதால் காட்டுங்கள். மற்ற பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும், அவர்களும் வரைபடத்தில் கவனிக்காததைக் கவனிப்பார்கள்.

மோலுக்கு ஒரு கிலோஜூலை ஒரு ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை: 1312, 2372, 520, 899, 801, 1086, 1402, 1314, 1681, 2081, 496, 738, 578, 787, 1012, 1000, 1251, 1521, 419, 590. ஆடாசிட்டியில் ஒரே தடத்தில், ஒவ்வொன்றும் அரை விநாடி, வீச்சு 0.3. மொத்தம் பத்து விநாடி. எண்களைப் பாதியாக்கிக் கீழே இறக்க ஆசை வரும். வேண்டாம், 250 ஹெர்ட்சுக்குக் கீழே கைபேசி ஒலிபெருக்கி திணறும், பொட்டாசியம் கேட்காமலே போய்விடும். ஒலிகள் ஒட்டும் இடத்தில் "டக்" என்று ஒரு சத்தம் வரும். கூர்ந்து கேட்கிற பிள்ளை அதையும் தகவல் என்று எண்ணிவிடும், ஆகவே ஒவ்வோர் ஒலியின் தொடக்கத்தையும் முடிவையும் மெல்ல ஏறி மெல்ல அடங்கும்படி சற்றுத் தேய்த்துவிடுங்கள்.

நியானிலிருந்து சோடியத்துக்கு இறங்கும்போது இரண்டு ஸ்தாயிக்கும் மேலாகச் சரியும். புதிய கூடு தொடங்கிவிட்டது என்று யாரும் சொல்லவே வேண்டாம். பெரிலியத்திலிருந்து போரானுக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் இறக்கம். நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்கு ஓர் அரைச் சுரம், அதாவது இரண்டாம் "தகிட" தொடங்கி ஜோடி சேர்கிற இடம். பாஸ்பரசிலிருந்து சல்ஃபருக்கும் அதே காரணத்தால் இறக்கம் உண்டு, ஆனால் 1012-க்கும் 1000-க்கும் உள்ள வேறுபாடு பல காதுகளுக்குப் பிடிபடாது. அங்கே அந்த இரண்டை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றும் இரண்டு விநாடி, நான்கைந்து முறை மாற்றி மாற்றி ஒலிக்கவிடுங்கள்.

ஒலிக்கு நடுவே பெயர்களைப் பேசிப் பதிவு செய்யாதீர்கள், ஏற்ற இறக்கம் காதில் நிற்காது. அவள் தாளத்தைப் போட்டுக்கொண்டே கேட்கட்டும், அதற்கு ஓர் ஒலி அரை விநாடி என்பதை ஒரு விநாடியாக்கி இன்னொரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நடுவே ஆறு விநாடி மௌனத்தைச் சேர்க்க மறக்க வேண்டாம். பிறகு அதே வரைபடத்தைத் தடித்த அட்டையில் சணல் நூலால் ஒட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு பொட்டுப் பசை வைத்து உலரவிட்டுக் கையில் கொடுங்கள். கேட்டதும் தொட்டதும் ஒத்துப்போகிறதா என்று அவளே சொல்லட்டும்.

கே: சினிமா மெட்டில் தனிமப் பாட்டு எழுதி ஆண்டு விழாவில் பாடலாமா? யூடியூபில் போடலாமா?
(தலைமை ஆசிரியர், ஈரோடு)

ப: பள்ளிக்குள், ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், அந்த விலக்கு அங்கே வராது, மெட்டின் உரிமை வேறொருவருடையது. பொதுவில் போடுவதானால் கும்மி மெட்டில் எழுதுங்கள், அல்லது வெறும் சொற்கட்டோடு போடுங்கள். கும்மிக்கு ஒரு குறிப்பு: வட்டத்தில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு தொகுதி, தனிமம் வரும்போது அந்த ஆள் மட்டும் குனிந்து நிமிரட்டும். 32 அட்சரத்தில் ஹீலியத்துக்குரிய எட்டாவது பெண் மூன்று முறை குனிவாள், முதல் பெண் நான்கு முறை.